நாகேஸ்வரி ரீச்சரின் முறைப்பாடு

“கோட்டிலை பொய் சொன்ன லோயரை என்ன செய்யலாம், மிஸ்டர் இரத்தினசிங்கம்? சட்டம் படிச்ச நீங்களே சொல்லுங்கோ!”

கறுப்பு மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த சட்டத்தரணி இரத்தினசிங்கம் அப்படியே நின்றுவிட்டார். தாயும் மகனும் தன் கொட்டாஞ்சேனை வீடு வரை வந்தது நன்றி சொல்லத்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

கொழும்பு வெள்ளவத்தையில் படையினர் நடத்திய சுற்றிவளைப்பில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட குகநேசனை அன்று காலைதான் நீதிமன்றம் விடுவித்திருந்தது. அவனுடைய தாய் நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. செய்தி கேட்டுக் கப்பலேறி வந்தவர்.

“ரீச்சர், பெடியன் வெளியிலை வந்திட்டான்தானே?”

“எப்பிடி வந்தவன்? ஏன் கொழும்புக்கு வந்தவன் எண்டு நீதவான் கேட்க, ‘இவர் என்ர வருங்கால மருமகன், என்ர மகளைப் பாக்க வந்தவர்’ எண்டு கூசாமல் சொன்னீங்களே! பொய் சொன்ன பிள்ளையளை நான் முழங்காலிலை நிப்பாட்டுறனான். உங்களை என்ன செய்ய?”

“வேறை என்ன சொல்ல?”

“உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொம்பியூட்டர் படிக்க வந்தவன்.”

“அதைத்தான் முதல் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. பொய்யைத்தான் உடனை நம்பினவை!”

“அம்மா, விடுங்கோ” என்றான் குகநேசன், தலையை நிமிர்த்தாமல்.

“நீ பேசாமல் இரு! லொக்கப்புக்குள்ளை இருந்து ‘இரத்தினசிங்கம் லோயரைத்தான் பிடிக்கவேணும்’ எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவன் நீதானே!”

அந்த நிலையிலும் இரத்தினசிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “என்ர பேர் லொக்கப் வரைக்கும் போயிருக்கு! என்ர மகள் சுகிர்தாவும் ‘பாவம் அப்பா, எப்பிடியாவது எடுத்துவிடுங்கோ’ எண்டு சாப்பிடாமல் கிடந்தவள். இளகின மனசு.”

“அந்தப் பிள்ளையின்ர பேரையும் கெடுத்திட்டீங்கள். முறைப்பாட்டை எங்கை குடுக்கிறது?”

“உச்ச நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசியோடை குடுக்கலாம். ஆனால் ரீச்சர், என்ர தொழிலும் போகும், உங்கட மகனையும் திரும்பப் பிடிப்பாங்கள்.”

நாகேஸ்வரியின் முகம் வாடியது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப ஒரு வழிதான் இருக்கு. சொன்னதை உண்மையாக்குங்கோ. உங்கட மகளை இவனுக்குக் கட்டிக் குடுங்கோ.”

இரத்தினசிங்கம் துள்ளினார். “என்ன கதை இது? அவளுக்கு லண்டன் டொக்டரைப் பேசிக்கொண்டிருக்கிறன்! அதுக்கு முறைப்பாடே பரவாயில்லை. கடதாசியைக் கொண்டாங்கோ, நானே எழுதித் தாறன்!”

மேசையில் அமர்ந்து பேனாவைத் திறந்து, தனக்கெதிரான முறைப்பாட்டைத் தானே எழுதத் தொடங்கினார்.

உள்ளேயிருந்து தேநீரோடு வந்த சுகிர்தா, தட்டை மேசையில் வைத்தாள்.

“எழுதாதேங்கோ அப்பா. நீங்கள் கோட்டிலை சொன்னதிலை ஒரே ஒரு சொல்லுத்தான் பொய்.”

“எந்தச் சொல்லு?”

சுகிர்தா போய்க் குகநேசனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“‘வருங்கால’ எண்ட சொல்லு. நாங்கள் போன மாதமே கலியாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிட்டம்.”