தலை மழுங்கிய அலை

கோட்டின் மேலிருந்து கண்ணை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.

எவ்வளவு அழகு! சோதனைத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு பிசிறு இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி இறங்கியிருந்தது.

அவள் முதன்முதலாகத் தனியாக வடிவமைத்த பவர் சப்ளை. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டிக்குப் போகப்போவது. கரண்ட் எப்படி ஏறி இறங்கினாலும் அது ஆடக் கூடாது.

ஆடாது என்றுதான் கோடு சொன்னது.

"பாஸ்தானே? கையெழுத்தப் போடும்மா. கஸ்டமர் கீழ காத்துக்கிட்டிருக்காங்க," என்றார் மேலாளர் தணிகைவேல்.

பேனாவை எடுத்தவள், சும்மா இருக்காமல், அலையின் வடிவத்தைக் காட்டும் பக்கத்து ஆசிலாஸ்கோப்பை எட்டிப் பார்த்தாள்.

சோதனைக்காகச் சப்ளைக்குள் செலுத்திய அலை, வெளியே வந்து அதில் ஓடிக்கொண்டிருந்தது. வளைந்து இறங்க வேண்டிய அதன் தலை மழுங்கியிருந்தது.

பாழாய்ப்போன ஆசை! சின்ன அலையாகச் செலுத்தினால் இரைச்சலில் கோடு பிசிறடிக்கிறதென்று, காலையில் அவள்தான் அலையைப் பெரிதாக்கினாள். அந்த லேப்பில் எல்லாரும் செய்வதுதான். சர்க்யூட் தாங்க முடியாமல் திணறியிருக்கிறது. திணறிக்கொண்டே சொன்ன பதில்தான் இத்தனை அழகு.

பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

அவளுக்குத் தெரியுமே.

பேனாவை மூடினாள். அலையைக் குறைத்தாள். மழுங்கிய தலை வளைந்து வந்தது. சோதனையை மறுபடி ஓட்டினாள்.

இடது ஓரத்தில் கோடு பிசிறடித்தது. அங்கே மட்டும் அலையை அளவாக ஏற்றினாள், ஒரு கண்ணை அதன் தலைமேலேயே வைத்துக்கொண்டு.

நடுவில் கோடு விழுந்தது. காலையில் ஆடாமல் தாங்க, அலையின் கோணக் கணக்கில் அறுபது டிகிரி மிச்சம் காட்டிய இடம். இப்போது இருபதுகூட இல்லை.

ஆடும். அவளுடைய சப்ளை ஆடும்.

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். அதேதான்.

தணிகைவேல் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "உன் டிசைன நீயே கவுத்துட்டியேம்மா!"

"தப்ப நான்தான் சார் கண்டுபிடிச்சேன்."

குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்கு உரக்க வந்தது.

அறிக்கையில் 'தேறவில்லை' என்று எழுதினாள். மேலே, 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர் ஏற்கெனவே இருந்தது. கீழே, 'சோதித்தவர்' என்ற இடத்தில் அதே பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதினாள். இரண்டையும் ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

சர்க்யூட்டைத் திருத்தச் சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டாள். பிறகு, கஸ்டமரிடம் சொல்ல அவளே படியிறங்கினாள்.