சாட்சிக்கு வைத்த சுங்கான்

கஞ்சா வழக்கில் பறிமுதல் செய்த மண் சுங்கானை, அரியலூர் ஏட்டு அரங்கநாதன் தானே எடுத்துவந்து பூங்காவனத்திடம் நீட்டினார்.

"இதுல ஊமத்தை இலை அடைச்சுக் கொடும்மா. உன் வூட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு தாங்கல."

"இழுப்புக்குத்தான் அந்தப் புகை பிடிக்கிறாருன்னு அன்னிக்கே உங்க காலைப் பிடிச்சு அழுதேனுங்களே! சுங்கான் வச்சிருந்தாலே குத்தம், உள்ள என்ன இலைன்னு சர்க்கார் சட்டம் கேக்காதுன்னீங்க."

"சொன்னேன்தான். இப்ப இலையைக் கொடு. லாக்கப்புல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்கார முடியல."

பூங்காவனம் சுங்கானைத் தொடவில்லை.

"நேத்தோட அவருக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிடுச்சுங்களே."

"தெரியும்மா," என்றார் ஏட்டு. "பொணத்தை வண்டியில ஏத்தினதே நான்தான். லாக்கப்பும் காலியாத்தான் கெடக்கு. இழுப்பு மட்டும் நிக்கல."