தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க

சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவர் வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் உள்ளே போகக் கூடாது. அதுதான் பரீட்சை.

படியோரத்து மீட்டர் பெட்டியில் தன் வீட்டுச் சுவிட்சை இறக்கி வைத்திருந்தார். உள்ளே மீன்தொட்டியின் மோட்டார் நின்றிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஏற்றிவிட வேண்டும். கரண்ட் போனாலும் வந்தாலும், ஆளில்லாத வீட்டில் தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதா என்று தெரிய வேண்டும்.

பார்த்துக்கொண்டால் புனேவுக்குப் போகலாம். மகளோடு ஒரு மாதம் இருக்கலாம்.

கீழ்வீட்டு மரியபுஷ்பம் துவைத்த துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள்.

"என்ன சார், சாவிய தொலைச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. ஊருக்குப் போயிருக்கேன்."

வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா போயிட்டு வாங்க. எங்க வீட்ல மட்டும் மறுபடி மழை பெய்யாம பாத்துக்குங்க."

சொல்ல மாட்டாளா பின்னே! போன முறை இவர் தொட்டி வழிந்து அவள் வீட்டுக் கூரை ஒழுகி, நேராக டிவி மேல் சொட்டியது.

தப்பு அவருடையதுதான். மீன்கள் இருக்கும் மேல்தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் அதற்கடியில் வைத்த கீழ்த்தொட்டிக்கு இறங்க, தொட்டி விளிம்பைத் தாண்டி ஒரு குழாயை வளைத்துவிட்டிருந்தார். கீழே வடிகட்டிய தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கரண்ட் போனதும் வளைவுக்குள் காற்றுப் புகுந்துவிட்டது. வந்ததும் மோட்டார் பாட்டுக்குத் தண்ணீரை ஏற்றியது. இறங்கும் வழிதான் அடைத்துக் கிடந்தது.

அவர் அப்போது சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது ஹாலெல்லாம் தண்ணீர். சோபாவுக்கு அடியில் ஒரு மீன் செத்துக் கிடந்தது.

இந்த முறை குழாயின் இரண்டு முனைகளையும் தம்ளர் மாதிரி மேல்நோக்கித் திருப்பி ஒட்டியிருக்கிறார். மோட்டார் நின்றாலும் வளைவுக்குள் தண்ணீர் நிற்கும். காற்று நுழையாது. மேல்முனையில் ஒரு டீ வடிகட்டி, குட்டி மீன்கள் உள்ளே போய்ச் சிக்காமல் இருக்க. தீனி போடுவதற்கு மெஷின் வாங்கி மாட்டியாகிவிட்டது.

பிளம்பரைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை.

கூப்பிடவில்லை. அவருக்கும் பொழுது போக வேண்டாமா?

மகள் சாருலதா கல்யாணமாகிப் போன நாளிலிருந்து வா வா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் போய்த் தங்க அவருக்குக் கூச்சம். 'மீனை யாரும்மா பாத்துக்குவா' என்று ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தார். அப்போது மனைவி இருந்தாள். மீன் வெறும் சாக்கு.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளும் கூப்பிட்டு அலுத்து விட்டுவிட்டாள். இப்போது கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒரு தோசையைத் தனக்கு மட்டும் வார்த்துச் சாப்பிடுவது மாதிரி கொடுமை வேறு கிடையாது.

எழுந்து சுவிட்சை ஏற்றினார்.

மறுபடி வந்து படியில் உட்கார்ந்தார். வெளியூரில் இருப்பவன் உடனே ஓடி வர முடியுமா என்ன?

கதவின் அடியில் பார்த்தார். ஈரம் இல்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்தார். துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த மரியபுஷ்பம் இந்த முறை எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டே போனாள்.

பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

தரை காய்ந்து கிடந்தது. தொட்டியில் தண்ணீர் வடிகட்டியின் உயரத்துக்கு வந்து நின்று, மேற்கொண்டு ஏறுவதெல்லாம் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"அடி சக்கை!" என்றார் வாய்விட்டு. மீன்கள் அவை பாட்டுக்குத் திரிந்தன.

கதவைச் சாத்தக்கூட நிற்கவில்லை. போனை எடுத்தார்.

"சாரு, தொட்டி வேலை முடிஞ்சிதும்மா. டிக்கெட் போடலாம்னு இருக்கேன். ஒரு மாசம் உங்கூட இருந்துட்டு வரேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யாரோ ஒரு அம்மாள் அடுப்பைக் குறைக்கச் சொன்னாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. மகளின் குரல் தணிந்தது.

"இப்பவாப்பா? அத்தையும் மாமாவும் இங்கயே வந்துட்டாங்கப்பா. இனிமே எங்க கூடத்தான். ரெண்டே ரூமு... அதனால என்ன, நீங்க வாங்க. ஹால்ல ஒரு கட்டில போட்டு... அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவள் திணறுவதை அவரால் கேட்க முடியவில்லை.

"இரு, இரு. சொல்ல வந்ததை முழுசாக் கேளு. வேலை முடிஞ்சிதுன்னுதான் சொன்னேன். சரியா வந்துதுன்னு சொன்னேனா? கரண்ட் போய் வந்தா பழையபடி வழியுது. இத விட்டுட்டு எங்க வர்றது?"

"ஐயையோ, அப்படியாப்பா?"

அவள் மூச்சுவிட்டது கேட்டது. குரல் பழையபடி ஆகியிருந்தது.

"எதுக்குப்பா எல்லாத்தையும் தனியா இழுத்துப் போட்டுக்கறீங்க? ஒரு ஆளக் கூப்பிட்டு சரி பண்ணிடுங்களேன்."

குழாய்க்குள் தண்ணீர் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

"பண்ணலாம்மா," என்றார். "இப்ப என்ன அவசரம்?"