சிங்கனின் வயிற்றோட்டம்

கண்ணகை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கஜரூபன் வெறும் சோற்றுக் கோப்பையை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பருக்கையும் மிச்சமில்ல! வடிவாச் சாப்பிட்டீங்களா மனே?"

"சொல்லி வேலையில்லை அக்கா." பெரிதாக ஓர் ஏப்பமும் விட்டுக் காட்டினான்.

அவ்வளவும் நடிப்பு. சோறும் நண்டுக் கறியும் சற்று முன்புதான் பின் யன்னலால் இறங்கி, கீழே வாய் பிளந்து நின்ற சிங்கனின் வயிற்றுக்குப் போயிருந்தன. சிங்கன், கண்ணகையின் நாய்.

கஜரூபன் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தன். நாவற்குடாவில், கண்ணகையின் வீட்டில், சாப்பாட்டோடு அறை கிடைத்தது. அதைக் கேட்டதும் அவனுடைய அம்மா தொலைபேசியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அங்க பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடியாதை ராசா. சோத்தில வசியம் வைச்சு, ஆளைப் பாயோட ஒட்ட வைச்சு, ஊர் திரும்ப விடாமச் செய்துபோடுவினம். வேண்டாமெண்டும் சொல்லிப்போடாதை, பிறகு வேற வழியால வைப்பினம்."

கணக்கியலில் முதல் வகுப்பு எடுத்தவன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். அவனோ அறையில் பின்பக்கம் யன்னல் இருக்கிறதா என்று பார்த்தான். அன்றிலிருந்து கடையில் வாங்கும் பாணும் வாழைப்பழமும் அவனுக்கு, இறாலும் கணவாயும் சிங்கனுக்கு.

சிங்கனுக்கு வயிறு கழன்றது. முற்றமெல்லாம் கழிந்தான், சத்தியெடுத்தான், விலா எலும்பு தெரிய மெலிந்தான். கண்ணகை சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"உறைப்பு, எண்ணெய் ஒண்டும் காட்டக்கூடாதெண்டு டொக்டர் சொன்னாரு மனே. நான் கஞ்சி மட்டும்தான் குடுக்கிறன், எண்டாலும் நிக்குதில்ல. மருந்துக் குளிசைய வாழைப்பழத்துக்குள்ள வெச்சா, பழத்தத் திண்டுட்டுக் குளிசையத் துப்பிப் போடுறான். இப்பிடியே போனாச் செத்திருவானாம். புருசனும் போய், புள்ளைகளும் வெளிநாட்டில. எனக்கு இவன் ஒருத்தன்தானே இரிக்கான்."

கஜரூபன் உச்சுக் கொட்டினான். ஆனால் அவளுக்காக இரக்கப்பட அவனுக்கு எங்கே நேரம்? பயத்தில் உடம்பு சிலிர்த்துப் போயிருந்தது. அம்மா சொன்னது எவ்வளவு உண்மை! தனக்கு வைத்த வசியத்தை அல்லவா இந்த வாயில்லாச் சீவன் வாங்கிக் கட்டுகிறது! சிங்கன் மேல் அவனுக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது. அந்த மரியாதைக்காக அன்று மத்தியானம் குழம்பை ஒரு சொட்டு விடாமல் ஊற்றினான். அவசரத்தில் என்ன குழம்பு என்றுகூடப் பார்க்கவில்லை.

"இண்டைக்கு இறால் எப்பிடி மனே?" என்று கேட்டாள் கண்ணகை.

"அந்த மாதிரி அக்கா! இப்பிடி ஒரு இறால் நான் யாழ்ப்பாணத்திலயே சாப்பிடேல்லை."

கண்ணகை அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு கோப்பையில் ஒட்டியிருந்த கத்தரிக்காய் விதையைப் பார்த்தபடி அதை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து கோப்பையின் நிறமே மாறிவிட்டது. குழைந்த சோறு, அவித்த கோழி, கொஞ்சம் பூசணிக்காய். உறைப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதோடு புதிதாக ஒரு கெஞ்சல் வேறு.

"ஒண்டும் மிச்சம் வெக்காதீங்க மனே. முழுக்க முடிச்சிரணும், என்ன?"

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கஜரூபன் உடனே அம்மாவுக்கு அறிவித்தான். சிங்கனின் வயிற்று நிலவரம் நாள் தவறாமல் யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் நிலவரம் மாறத் தொடங்கியது. சிங்கனுக்கு வயிற்றோட்டம் நின்றது, வால் எழும்பியது, பக்கத்து வீட்டுப் பூனையை மதில் வரைக்கும் துரத்தினான்.

"நாய் நல்லாத்தானே அம்மா நிக்குது?"

"நம்பாதை! நாயையும் பழக்கி வைச்சிருப்பினம்!"

முதன்முறையாகக் கஜரூபனுக்கு அம்மாவின் மேல் சந்தேகம் வந்தது. பாண் தின்று தின்று அவன் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. வீட்டுக்காரிக்கோ வசியம் பலிக்கவில்லை, களைத்துப்போய் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. நாயைத் தேற்றிய சோறு தன்னை என்ன செய்துவிடும்?

அன்று அவன் யன்னலை இறுக்கிச் சாத்தினான். வெளியே சிங்கன் சுவரைப் பிறாண்டினான். கஜரூபன் அதைக் காதிலும் வாங்காமல் அள்ளி அள்ளி விழுங்கினான். உப்பில்லாத கோழிகூட அமிர்தமாக இருந்தது. இந்த முறை விரல்களையும் உண்மையாகவே நக்கினான்.

கண்ணகை வந்தாள். சாத்திக் கிடந்த யன்னலைப் பார்த்தாள், வெளியே சிங்கன் சிணுங்குவதையும் கேட்டாள். அவள் முகம் கறுத்தது.

"மெய்யாவே நீங்களா மனே சாப்பிட்ட?"

"சத்தியமா அக்கா. ஒரு பருக்கை விடேல்லை."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். கண்ணகை தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

"ஐயோ மனே, சிங்கன்ட குளிசைய அந்தச் சோத்துக்குள்ளதானே கலந்து வெச்சன்!"