முட்டை அட்டை

சென்னை எம்.கே.பி. நகரில் இருமலுக்கான புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். பீம்ராவ் சேர்ந்தான். அவன் மனைவி யசோதரா மறுத்துவிட்டாள்.

"சும்மா குடுக்குறாங்கன்னா அதுல இன்னாவோ கீதுய்யா. எனுக்கு வாணாம்."

வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்த நர்ஸ், இருமலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "கொசு கடிக்குதா சார்?" என்று மட்டும் கேட்பாள். அவனைக் கடிக்கவில்லை. பக்கத்தில் படுத்த யசோதராவைத்தான் பிடுங்கி எடுத்தது.

"இருமல் மாத்திரைக்கும் கொசுவுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

பொழுது சாய்ந்தால் கொசு விரட்ட முட்டை அட்டையைக் கொளுத்திப் புகை போடுவது யசோதராவின் வழக்கம். ஒருநாள் கொசுக்கடி தாங்காமல் தெருவே கைகால்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தாயம்மா வந்து, "ஒரு அட்டை இருந்தா குடு யசோ" என்றாள். மூலையில் அட்டைகள் தொடாமல் அடுக்கியபடியே இருந்தன. கடைசியாக எப்போது கொளுத்தினோம், தன்னைக் கொசு எப்போது கடித்தது என்று யசோதராவுக்கு நினைவு வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தாள். வாசலில் நின்ற பீம்ராவைத் தாண்டி உள்ளே வந்து யசோதராவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்கள எப்பலேர்ந்து கடிக்கலக்கா?"