மேலே உருள்வது எது

மேல் வீட்டில் எதை உருட்டுகிறார்கள் என்பது மட்டும் ரொட்டிக்காரருக்குப் பிடிபடவில்லை.

கேஸ் சிலிண்டர் என்றால் ஒரு தடவை உருட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். பீரோ என்றால் கிறீச்சென்று இழுபடும். பிள்ளைகள் பந்து விளையாடினால் கூச்சலும் சேர்ந்து வரும்.

இது எதிலும் சேராத சத்தம். கடகடவென்று இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடும். நிற்கும். எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் திரும்பி ஓடும்.

மேலே புதிதாக ஆள் குடிவந்த நாளிலிருந்து இதே கூத்துதான்.

அவர் பேக்கரியில் இரவெல்லாம் மாவு பிசைந்துவிட்டு, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுக்கிறவர். கண் சொருகும் நேரம் பார்த்துக் கூரையில் ரயில் கிளம்பும்.

நேற்று அடுப்பின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். உள்ளே இருந்த ரொட்டியெல்லாம் கரிக்கட்டை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வராத, வீட்டுலயே படுத்துத் தூங்கு" என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் தூங்க முடிந்தால்தான் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று அவரிடம் போய் விளக்க முடியுமா?

மேலே போய்ச் சொல்லலாம். மாடிப்படி பின்தெருப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் தூரம். ஆனால் கால் நகரவில்லை. இத்தனை கனமானதை இத்தனை சுலபமாக உருட்டுகிற ஆள் எப்பேர்ப்பட்ட ஆளோ.

மனைவிதான் வழி சொன்னாள். வானொலியில் வாராவாரம் ஒரு வக்கீலம்மா கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர், தொலைந்துபோன பத்திரம், எதைக் கேட்டாலும் சரி, கடிகாரத்தைப் பிரித்துக் காட்டுகிறவர் மாதிரி சட்டத்தைப் பிரித்துக் காட்டி, மறுபடி பூட்டியும் கொடுப்பார்.

அதிர்ஷ்டம், போன் போட்ட முதல் முயற்சியிலேயே நிகழ்ச்சி கிடைத்துவிட்டது. "வக்கீலம்மாவும் லைன்ல இருக்காங்க, கேளுங்க சார்" என்றார் தொகுப்பாளர். போனில் எதிரொலிக்காமல் இருக்க, மனைவி வானொலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் தன் கதையைச் சொல்லி முடித்தார். வக்கீலம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அருமையான கேள்விண்ணா. சத்தத்துல ரெண்டு வகை இருக்கு. வேணும்னே போடறது ஒண்ணு. சும்மா குடித்தனம் நடத்தறப்போ தானா வர்றது இன்னொண்ணு. ரெண்டையும் கோர்ட்டு ஒரே மாதிரி பார்க்காது, ஏன்னா..."

அவர் விளக்க ஆரம்பித்ததும் கூரையும் ஆரம்பித்தது. கடகட கடகட.

ரொட்டிக்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வக்கீலே பேசிக்கொண்டிருக்கிறார், கொஞ்சமாவது பயம் இருக்கிறதா பார்.

"இதோ மேடம், இப்பக்கூட உருட்டறாங்க. நீங்க பேசப் பேச உருட்டறாங்க."

வக்கீலம்மா பேச்சை நிறுத்தினார்.

கூரையும் நின்றது.

"நின்னுடுச்சு மேடம்" என்றார். சட்டத்துக்கு இவ்வளவு பலமா என்று அவருக்கு மெய்சிலிர்த்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றார் தொகுப்பாளர்.

"இருக்கேன், இருக்கேன்." குரல் இறங்கியிருந்தது. "அண்ணா, இப்பக் கேக்குதா?"

கடகட.

"கேக்குது மேடம்."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

பயந்து பயந்து, பாதி அறைகூடத் தாண்டாமல், ஒரு சின்னக் கட.

"லேசா மேடம்."

சமையலறையில் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ரொட்டிக்காரர் சாத்திய கதவைப் பார்த்து முறைத்தார்.

வக்கீலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோர்ட்டுக்குப் போனா, 'மேல் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தியா'ன்னுதான் முதல்ல கேப்பாங்க. சொன்னீங்களாண்ணா?"

"இல்ல மேடம். ஆள் எப்படியோன்னு பயம்."

"ஆள் ஒண்ணும் பண்ணாதுண்ணா. பரவாயில்ல, இப்ப சொல்லிட்டீங்க. ஊரே சாட்சி. இனிமே எனக்குத் தெரியாதுன்னு அவங்க தப்பிக்க முடியாது."

"அப்போ கேஸ் போடலாமா?"

"வேணாம், வேணாம்." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. "சக்கரம் வெறுந்தரையில ஓடறதாலதான் சத்தம் தளத்துக்குள்ள இறங்கி உங்க தலைமேல கேக்குது. நடுவுல மெத்துனு ஒண்ணு இருந்தா அங்கேயே அடங்கிடும். அந்த நாற்காலிக்கு அடியில தடிமனா ஒரு கம்பளம் விரிச்சாப் போதும். நீங்க நிம்மதியாப் படுங்கண்ணா."

போனை வைத்த பிறகுதான் ரொட்டிக்காரருக்கு உறைத்தது. நாற்காலி என்று அவர் சொல்லவே இல்லை.

கூரையைப் பார்த்தார். செருப்பில்லாத காலடிகள் தடதடவென்று ஓடின. ஏதோ பொத்தென்று விழுந்தது. கொஞ்ச தூரம் இழுபட்டது. அமர்ந்தது.

சமையலறை வானொலியில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. யாரையோ பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டதாம். வக்கீலம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை.

"நாய்ல ரெண்டு வகை இருக்குங்க..."

ரொட்டிக்காரர் கூரையைப் பார்த்தபடியே காத்திருந்தார். வக்கீலம்மா பேசப் பேச, மேலே ஒன்றுமே ஓடவில்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவி விஷயத்தைச் சொல்ல வந்தபோது, அவர் போனைக் கையில் பிடித்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சக்கரம் வைத்த நாற்காலி. அடியில் ஒரு தடிமனான கம்பளம். சத்தம் மேல் வீட்டோடு நின்றுவிட்டது.