நைல் கரைக் கோயில் வாசலில்

நைல் நதிக்கரையிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்த கோயில், மொன்றியாலில் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்கிறது. கூரைமேல் பனி மூடிக் கிடப்பதால் கல்லில் விழும் வெளிச்சமும் சாம்பலாக இருக்கிறது. கோயில் வாசலில் ஒரு பெரியவர் குனிந்து பனிச் சப்பாத்துகளைக் கழற்றுவதைக் காவலாளி குகநேசன் பார்க்கிறார். "மியூசியத்திலை ஆரும் சப்பாத்து கழட்டுவினமே? உங்களுக்கு விசரே?" என்று பெரியவரின் மனைவி சிரிக்கிறாள். "கோயில் எண்டால் கோயில்தானப்பா. நீர் வேணுமெண்டால் வெளியிலை நில்லும்." அவர் காலுறையோடு உள்ளே போய், சாமியில்லாத சுவரைக் கும்பிட்டுவிட்டு வருகிறார். சப்பாத்தில்லாமல் இங்கே நடக்கக் கூடாது. குகநேசன் சொல்லியாக வேண்டும். தமிழில் சொன்னால் எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். போன மாரியில் மனைவி சிவமலர் இறந்ததிலிருந்து, அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் தமிழரைக் கண்டால் ஒதுங்குகிறார். பிரெஞ்சில் சொல்கிறார். பெரியவர் முகத்தை உற்றுப் பார்க்கிறார். "தம்பி தமிழோ?" "பார்தோன், மிஸ்யூ?" என்கிறார் குகநேசன், தமிழ் விளங்காதவர்போல. "எங்கட ஆள் மாதிரிக் கிடந்துது" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே, விழாமலிருக்கக் குகநேசனின் தோளைப் பற்றியபடி ஒரு காலைச் சப்பாத்துக்குள் நுழைக்கிறார். தோளில் அந்தக் கை இருக்க, குகநேசன் அசையாமல் நிற்கிறார். மற்றச் சப்பாத்து சட்டென்று ஏறிவிடக் கூடாதே என்றிருக்கிறது அவருக்கு.